உறங்கிய எஞ்சினை எழுப்புதல்

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் மூழ்கின. இத்தகைய வேளையில் டீசல் ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தால் என்ன செய்வது?

டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டா. உருளைக்குள் அழுத்தப்படும் காற்று 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும். அதில் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே மூன்றை நோக்க வேண்டும். பாட்டரி எஞ்சினை விரைந்து சுழற்றுகிறதா? காற்று வடிகட்டி அடைபட்டுள்ளதா? எண்ணெய் தடையின்றி வருகிறதா?

தொட்டி வறண்டபின் எண்ணெய் நிரப்பினால் குழாயில் காற்றுக் குமிழிகள் தங்கிவிடும். குமிழி அமுங்குமேயன்றி எண்ணெயை முன்தள்ளாது. எண்ணெய் வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, குமிழியற்ற எண்ணெய் வரும்வரை கைப்பம்பை இயக்கி, மீண்டும் இறுக்க வேண்டும்.

எஞ்சின் கிளம்பினாலும் அதனை மூடிய அறையில் ஓட்டலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். மழைக்காலத்திற்கு முன்பே ஒருமுறை இயக்கிப் பார்ப்பதே அறிவுடைமை.