கோட்டைத் தாண்டியும் ஓடணும்

ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். வாய் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டிருக்கும். கண் தெருவில் விளையாடும் பிள்ளைமேல் இருக்கும். விரல்கள் தம்பாட்டுக்கு இலையைச் சுருட்டி, மடக்கி, நூலைக் கட்டிவிடும். எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். விளக்கிச் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும்.

கைக்குத் தெரிந்த இந்த அறிவை நம்பித்தான், அறிவுசார் குறைபாடு உள்ள வீரர்களின் தேசிய அணிகள் உலகப் போட்டிக்குத் தயாராகின்றன.

வகுப்பறை கேட்கும் நினைவு வேறு. சொல்வதைக் கேட்டு, நாலைந்து தகவல்களை ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைத்து, அவற்றைக் கூட்டிக் கழிக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான். திரும்பத் திரும்பச் செய்வதால் உடலில் பதியும் நினைவு அவர்களுக்கு ஒப்பீட்டளவில் கைகொடுக்கிறது. பதியக் கூடுதல் நாளாகும். பதிந்துவிட்டால் நிற்கும்.

நூறு மீட்டர் ஓட்டத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. பயிற்சியாளருக்கு அது பல வேலைகளின் கோவை. தன் தடம் எது என்று தெரிய வேண்டும். தொடக்கக் கோட்டை மிதிக்காமல் நிற்க வேண்டும். சத்தம் வரும்வரை பொறுக்க வேண்டும். பக்கத்துத் தடத்துக்குள் போகக் கூடாது. முடிவுக் கோட்டில் நிற்காமல் அதைத் தாண்ட வேண்டும்.

கடைசி வேலை பலருக்குக் கடினம். கோடு என்றால் நிற்கும் இடம் என்றுதானே பிரேயர் வரிசையில் பழக்கியிருக்கிறோம்? முன்னால் வந்துகொண்டிருக்கும் பிள்ளை சுண்ணாம்புக் கோட்டுக்கு ஓரடி இருக்கையில் நின்றுவிடும். அதனால் அனுபவமுள்ள பயிற்சியாளர் பாடத்தைக் கடைசியிலிருந்து தொடங்குவார். கோட்டுக்கு அப்பால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து, “எங்கிட்ட வா” என்று கூப்பிடுவார். பிள்ளை பத்து மீட்டர்தான் ஓடும், ஆனால் கோட்டைத் தாண்டி ஓடும். பிறகு இருபது மீட்டர், ஐம்பது மீட்டர். தூரம் பின்பக்கமாக வளரும்; முடிவு ஒவ்வொரு முறையும் வெற்றியாகவே இருக்கும். பின்னிருந்து தொடுத்தல் என்பது இந்த முறையின் பெயர்.

உதவி செய்வதிலும் ஒரு படிவரிசை உண்டு. முதலில் வாயால் சொல்வது. போதாவிட்டால் செய்துகாட்டுவது. பிறகு தொட்டுக்காட்டுவது. கடைசியில் கைபிடித்துச் செய்யவைப்பது. பழகப் பழக இதே படிகளில் திரும்பி வர வேண்டும். உதவி கொடுப்பது பாதி வேலை. கொடுத்த உதவியைப் பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்துவிடுவது மீதிப் பாதி.

உடலையும் தனியாகப் பார்க்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணமும், தலைகீழாக நீரில் பாய்வதும் அவர்களுடைய தண்டுவடத்துக்கு ஆபத்து. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கிறது. உச்ச இதயத்துடிப்பும் அவர்களுக்குக் குறைவு என்பதால், 220-லிருந்து வயதைக் கழிக்கும் வழக்கமான கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. இன்னொன்று, வலிக்கிறது என்று எல்லோரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதற்கு உதவியாக, அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு 1997 முதல் போட்டிக் களங்களிலேயே கண், காது, பல், பாதம் ஆகியவற்றைப் பரிசோதிக்கிறது.

அந்த அமைப்பின் முதல் உலகப் போட்டியை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968 ஜூலையில் சிகாகோவில் நடத்தினார். அறிவுசார் குறைபாடு உள்ள, 8 வயது நிரம்பிய எவரும் போட்டியிடலாம். ஆண், பெண், வயது, திறன் பார்த்து, மூவர் முதல் எட்டுப் பேர்வரை ஒரு பிரிவு. ஒரு பிரிவில் மிக வேகமானவருக்கும் மிக மெதுவானவருக்கும் உள்ள இடைவெளி 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்பது நெடுநாள் வழிகாட்டி. ஒவ்வொருவரும் தமக்கு நிகரானவரோடு மோதுகிறார்கள். மேல்நிலைப் போட்டிக்கு ஆள் எடுக்கும்போது, எல்லாப் பிரிவுகளின் முதலிடக்காரர்களும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள். இடம் குறைவாக இருந்தால் சீட்டுக் குலுக்கல்தான். மெதுவாக ஓடி முதலில் வந்த பிள்ளைக்கும் விமானம் ஏறும் வாய்ப்பு உண்டு. 2023 ஜூனில் பெர்லின் சென்ற இந்திய அணியின் 198 பேர் 202 பதக்கங்களோடு திரும்பினார்கள். அவற்றில் 76 தங்கம்.

பாராலிம்பிக்ஸ் வேறு பாதை. அங்கே மிகச் சிறந்தவர் மட்டுமே வெல்வார். 2000-இல் சிட்னியில் அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கான கூடைப்பந்தில் தங்கம் வென்ற ஸ்பெயின் அணியின் 12 பேரில் 10 பேருக்கு அந்தக் குறைபாடே இல்லை என்று தெரிந்தது. தண்டனை அந்தப் பத்துப் பேரோடு நிற்கவில்லை. உண்மையான குறைபாடு உள்ள வீரர்கள் உலகெங்கும் 2012 லண்டன் போட்டி வரை வெளியே நின்றார்கள். அவர்கள் திரும்பி வர அறிவியல்தான் கதவைத் திறந்தது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அறிவுத்திறன் குறைவு விளையாட்டை எப்படிப் பாதிக்கிறது என்று அளந்துகாட்டினார்கள். எங்கே வேகத்தைச் சேமிப்பது, எங்கே செலவழிப்பது என்ற கணக்கில் இந்த ஓட்டக்காரர்கள் தடுமாறுகிறார்கள் என்பது அங்கு நடந்த ஆய்வின் ஒரு முடிவு.

அந்தக் கணக்கைத் தவறவிட்டால் 400 மீட்டரின் கடைசி நூறில் கால் கனத்துவிடும். அந்த ஓட்டத்தில்தான், தெலங்கானாவின் வாரங்கல் மாவட்டத்துக் கல்லேடா கிராமத்தின் தீப்தி ஜீவன்ஜி, 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் 55.07 விநாடியில் ஓடி, அறிவுசார் குறைபாடு உள்ளோர் பிரிவில் உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்ஸில் வெண்கலம் வென்றார். சிறுவயதில் ஊராரின் கேலியைக் கேட்டு வளர்ந்த பெண் அவர். கணக்கு தலையில் ஏறத் தாமதமாகலாம். பயிற்சி அதைக் காலில் ஏற்றிவிடும் என்பதற்கு அவரே சாட்சி.

தேசிய முகாமில் ஓட்டத்தோடு இன்னொன்றும் பழக வேண்டும்: புதிய இடம். நகரும் படிக்கட்டு, விமான நிலையச் சோதனை, அறிமுகமில்லாத சாப்பாடு, அம்மா பக்கத்தில் இல்லாத இரவு, திடீரென்று எழும் கூட்டத்தின் இரைச்சல். படம் போட்ட அன்றாட அட்டவணை, மாறாத நேரங்கள், நான்கு வீரர்களுக்கு ஒரு பயிற்சியாளர் என்ற ஏற்பாடு எல்லாம் அதற்காகத்தான். பழகாததைப் பழக்கமாக்குவதே முகாமின் முழு வேலை. ஊர் மைதானத்தையே மிதிக்காத பிள்ளைக்குச் சில வார முகாம் எப்படிப் போதும்?

நம் தென்காசி மாவட்டம் இதில் முன்னோடி மண். கடற்படை அதிகாரித் தேர்வில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், விளையாட்டில் அவர்கள் பங்கேற்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 30-ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டம் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது. பிள்ளை மட்டும் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது.

பெற்றோரே, அடையாள அட்டை வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். பிள்ளையை மைதானத்துக்குக் கூட்டிவாருங்கள். பி.டி. ஆசிரியர்களே, சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். தொடங்குவதற்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு போதும். கோட்டுக்கு அப்பால் நின்று கை விரித்துக் கூப்பிட ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.