இறைச்சிக் கடையிலிருந்து ஆட்சிப் பீடத்துக்கு: மார்ட்டின் மக்கின்னஸின் அரசியல் பயணம்

2006ஆம் ஆண்டு நடுப்பகுதியில், நோர்வேயின் அனுசரணையுடன் இடம்பெற்ற சமாதான முயற்சிகள் தடுமாறிக்கொண்டிருந்த வேளையில், வட அயர்லாந்திலிருந்து ஓர் அரசியல்வாதி இலங்கைக்கு வந்தார். கிளிநொச்சிக்குச் சென்று விடுதலைப் புலிகளின் அரசியற் பிரிவுப் பொறுப்பாளர் சு. ப. தமிழ்ச்செல்வனையும் அவர் சந்தித்தார். தமது மண்ணின் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள வந்த அந்த மனிதர் மார்ட்டின் மக்கின்னஸ். அப்போது அவரது சொந்த நாட்டிலும் அதிகாரப் பகிர்வு அரசாங்கம் இடைநிறுத்தப்பட்ட நிலையிலேயே இருந்தது. பத்து மாதங்களின் பின்னர் அவர் அங்கு பிரதி முதலமைச்சரானார். இலங்கை எந்தத் திசையில் சென்றது என்பதை வாசகர்கள் அறிவர்.

மக்கின்னஸ் 1950 மே 23ஆம் திகதி டெரி நகரின் பொக்சைட் பகுதியில், ஏழு பிள்ளைகள் கொண்ட கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நகரின் நிலைமையை விளங்கிக்கொள்ளாமல் இவரை விளங்கிக்கொள்ள முடியாது. டெரியில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மையினர். ஆனால் வட்டாரங்களின் எல்லைகள் வகுக்கப்பட்டிருந்த முறையினால் நகர சபை பல தசாப்தங்களாகப் பிரித்தானியாவுடனான ஒன்றியத்தை ஆதரித்த புரட்டஸ்தாந்துக் கட்சியினர் வசமே இருந்தது. உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை வீட்டுடைமையுடன் பிணைக்கப்பட்டிருந்ததால், கத்தோலிக்கருக்குப் புதிய வீடு கொடுப்பது புதிய வாக்கைக் கொடுப்பதாகவும் கருதப்பட்டது. எனவே வீடமைப்பும் அரசியலாயிற்று.

பதினொரு வயதில் நடத்தப்படும் தெரிவுப் பரீட்சையில் சித்தியடையத் தவறிய மக்கின்னஸ், பதினைந்து வயதில் பாடசாலையை விட்டு விலகினார். வாகனத் திருத்துமிடமொன்றில் வேலை கேட்டுச் சென்றபோது, எந்தப் பாடசாலையில் படித்தாய் என்று வினவி, பதிலைக் கேட்டவுடன் திருப்பியனுப்பினார்கள் என்று அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். அங்கு பாடசாலையின் பெயரே ஒருவரின் மதத்தைச் சொல்லிவிடும். பின்னர் இறைச்சிக் கடையொன்றில் உதவியாளராகச் சேர்ந்தார்.

1968 ஒக்டோபர் 5ஆம் திகதி டெரியில் நடைபெற்ற குடியுரிமைப் பேரணி மீது பொலிசார் தடியடிப் பிரயோகம் செய்தனர். அடுத்த ஆண்டு ஓகஸ்டில் பொக்சைட் பகுதி மூன்று நாட்கள் போர்க்களமாயிற்று. பிரித்தானிய இராணுவம் தெருக்களில் இறக்கப்பட்டது. இச்சூழலிலேயே மக்கின்னஸ் ஐரிஷ் குடியரசுப் படையில் இணைந்தார். 1972 ஜனவரி 30ஆம் திகதி, நிராயுதபாணிகளாகப் பேரணியில் சென்றவர்கள் மீது இராணுவத்தினர் மேற்கொண்ட துப்பாக்கிப் பிரயோகத்தில் பதின்மூவர் அன்றே உயிரிழந்தனர். காயமடைந்த மற்றொருவர் பின்னர் மரணமானார். அன்று அப்படையின் டெரிப் பிரிவில் இரண்டாம் நிலைப் பொறுப்பில் தாம் இருந்ததாக மக்கின்னஸ் பிற்காலத்தில் சவில் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அன்றைய தினம் அவர் பெரும்பாலும் துப்பாக்கி வைத்திருந்திருக்கக் கூடும் என்றும், எனினும் இராணுவத்தினர் சுட்டதை நியாயப்படுத்தக்கூடிய எதனையும் அவர் செய்யவில்லை என்றும் 2010இல் வெளியான அக்குழுவின் அறிக்கை கூறியது.

அதே 1972 ஜூலையில், இருபத்திரண்டு வயதேயான மக்கின்னஸ், பிரித்தானிய விமானப் படையின் விமானத்தில் லண்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஆறு பேர் கொண்ட தூதுக்குழுவில் ஒருவராக இருந்தார். ஜெரி அடம்ஸும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். அமைச்சர் வில்லியம் வைட்லோவுடனான அந்த இரகசியப் பேச்சுவார்த்தை எந்தப் பயனையும் தரவில்லை. இரண்டு நாட்களில் யுத்த நிறுத்தமும் முறிந்தது. இரு தரப்பினரும் பேசத் தயாராக இருந்தனர், விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கவில்லை.

பின்னர், வெடிபொருட்களும் ஏறத்தாழ ஐயாயிரம் தோட்டாக்களும் இருந்த காரொன்றின் அருகே அயர்லாந்துக் குடியரசில் அவர் கைதானார். டெரிப் பிரிவின் உறுப்பினராக இருப்பதையிட்டுப் பெருமைப்படுவதாக டப்ளின் நீதிமன்றத்தில் கூறி, ஆறு மாதச் சிறைத் தண்டனையை ஏற்றார். 1974ஆம் ஆண்டுடன் அப்படையை விட்டு விலகிவிட்டதாக அவர் இறுதிவரை கூறிவந்தார். அதனை நம்பியவர்கள் மிகச் சிலரே. இக்கட்டுரையாளரும் அவர்களில் ஒருவரல்லர். 1990 ஒக்டோபரில் டெரியின் எல்லையிலுள்ள சோதனைச் சாவடி தாக்கப்பட்டது. இராணுவ முகாமொன்றில் சமையல் வேலை செய்த பொதுமகன் ஒருவரின் குடும்பத்தைப் பணயமாகப் பிடித்துவைத்து, அவரையே வெடிகுண்டு வாகனத்தைச் செலுத்திச் செல்ல நிர்ப்பந்தித்தனர். அவரும் ஐந்து படையினரும் கொல்லப்பட்டனர். மக்கின்னஸின் சொந்த நகரில் நிகழ்ந்த இந்தக் கொடூரம் அவரது பெயரின் மீது விழுந்த நிழலாக என்றும் இருந்தது.

இந்தக் காலப்பகுதியிலேயே மற்றொரு வாசலும் திறந்திருந்தது. டெரி வர்த்தகரான பிரெண்டன் டடி என்பவர் பல ஆண்டுகளாகப் பிரித்தானிய உளவுத் துறைக்கும் குடியரசுப் படைக்கும் இடையே இரகசியத் தூதுவராகச் செயற்பட்டார். அவர் ஒரு காலத்தில் பொரித்த மீன் விற்கும் கடையொன்றை நடத்தியவர். அக்கடைக்குப் பேர்கர்களைக் கொண்டுவந்து கொடுத்த இளைஞன்தான் மக்கின்னஸ்! உலகம் அறியாத அந்த வழியூடாகவே 1990களின் ஆரம்பத்தில் மீண்டும் செய்திகள் பரிமாறப்பட்டன. பகிரங்கமாகவோ, 1988 முதல் 1994 வரை மக்கின்னஸ் போன்றோரின் குரலை ஒலிபரப்புவதற்கே பிரித்தானியாவில் தடை இருந்தது. தொலைக்காட்சியில் அவர் வாயசைப்பார், நடிகர் ஒருவர் குரல் கொடுப்பார்.

1994 ஓகஸ்ட் 31ஆம் திகதி யுத்த நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. 1996 பெப்ரவரியில் லண்டன் துறைமுகப் பகுதிக் குண்டுவெடிப்புடன் அது முறிந்து, 1997 ஜூலையில் மீள ஏற்பட்டது. அவ்வாண்டு மே மாதத் தேர்தலில் மத்திய அல்ஸ்டர் தொகுதியிலிருந்து மக்கின்னஸ் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகியிருந்தார். மகாராணிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுக்கும் சின் பெயின் கட்சியின் கொள்கைப்படி, 2013இல் பதவி விலகும்வரை அவர் அந்த ஆசனத்தில் அமரவேயில்லை. 1997 டிசம்பரில் அடம்ஸுடன் அவர் பிரதமரின் வாசஸ்தலத்துக்குச் சென்றபோது, அமைச்சரவை அறையைப் பார்த்து, பாதிப்பு நிகழ்ந்த இடம் இதுதானா என்ற கருத்துப்படக் கேட்டாராம். 1991இல் குடியரசுப் படை அந்த வாசஸ்தலத்தின் மீது நடத்திய மோட்டார் தாக்குதலைச் சொல்கிறார் என்று பிளேயரின் பிரதான அதிகாரி ஜொனதன் பவல் எண்ணினார். ஆனால் மக்கின்னஸ் குறிப்பிட்டதோ, அயர்லாந்தின் பிரிவினையை உறுதிப்படுத்திய 1921ஆம் ஆண்டு உடன்படிக்கையை.

பிரதான பேச்சாளராக அவர் பங்கேற்ற பெரிய வெள்ளி உடன்படிக்கை 1998 ஏப்ரல் 10ஆம் திகதி எட்டப்பட்டது. மே மாதம் நடைபெற்ற சர்வஜன வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 வீதமானோர் அதனை ஆதரித்தனர். அதன்படி அமைந்த ஆட்சியின் இயக்கத்தைச் சற்று விளக்குவது அவசியம். முதலமைச்சரும் பிரதி முதலமைச்சரும் இரு சமூகங்களிலிருந்தும் வருவர். பெயரில் ஏற்றத்தாழ்வு இருப்பினும் அதிகாரத்தில் இருவரும் சமமானவர்கள். ஒருவர் பதவி விலகினால் மற்றவரும் பதவியிழப்பார். ஏனைய அமைச்சுப் பதவிகள் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கிடப்படும். ஆக, எதிரியை வீழ்த்த முனைபவர் தாமும் வீழ வேண்டியதுதான்.

1999 டிசம்பரில் மக்கின்னஸ் கல்வி அமைச்சரானார். முன்னாள் குடியரசுப் படைத் தளபதியிடம் பிள்ளைகளின் கல்வியா என்று பலர் கொதித்தெழுந்தனர். சில பாடசாலைகளில் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறினர். தாம் சித்தியடையத் தவறிய அதே பதினொரு வயதுப் பரீட்சையை ஒழிக்கப் போவதாக 2002இல் அவர் அறிவித்தார். அரசாங்கம் நடத்திய அப்பரீட்சை 2008உடன் முடிவுக்கு வந்தது. ஆயினும் பல உயர்தரப் பாடசாலைகள் தாமே சொந்தப் பரீட்சைகளை நடத்தத் தொடங்கியதால், அவரது நோக்கம் பாதியளவிலேயே நிறைவேறியது எனலாம்.

குடியரசுப் படை 2005 ஜூலையில் ஆயுதப் போராட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்து, செப்டெம்பரில் ஆயுதக் களைவையும் பூர்த்தி செய்தது. 2007 மே 8ஆம் திகதி, புரட்டஸ்தாந்துக் கடும்போக்குத் தலைவரான மதகுரு இயன் பெய்ஸ்லி முதலமைச்சராகவும் மக்கின்னஸ் பிரதி முதலமைச்சராகவும் பதவியேற்றனர். அவ்வாண்டு மார்ச் மாதம் வரை இருவரும் காலநிலை பற்றிக்கூட ஒரு வார்த்தை பேசியதில்லை. பின்னர் எந்நேரமும் சிரித்தபடி ஒன்றாகத் தோன்றிய இவர்களுக்குப் பத்திரிகைகள் 'சிரிக்கும் சகோதரர்கள்' என்று பெயர் சூட்டின. 2014இல் பெய்ஸ்லி இறந்தபோது, நண்பரை இழந்துவிட்டதாக மக்கின்னஸ் கூறினார்.

இக்காலத்தில் ஈராக்கின் சுன்னி, ஷியா தரப்பினர் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் சந்தித்த பேச்சுகளுக்கும் அவர் அனுசரணை வழங்கினார். 2008இல் பக்தாத்துக்கும் சென்றார். 2009 மார்ச்சில் அதிருப்திக் குழுக்கள் இரு படையினரையும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரையும் கொன்றபோது, பெய்ஸ்லிக்குப் பின் முதலமைச்சரான பீற்றர் ரொபின்சனின் அருகில் நின்று, கொலையாளிகள் அயர்லாந்துத் தீவின் துரோகிகள் என்றார். பழைய தோழர்கள் மத்தியில் அந்தச் சொல் அவருக்கு உயிராபத்தைத் தரக்கூடியதாக இருந்தது.

2012 ஜூன் 27ஆம் திகதி பெல்பாஸ்ட் நாடக அரங்கொன்றில் எலிசபெத் மகாராணியுடன் அவர் கைகுலுக்கினார். மகாராணியின் கணவரது தாய்மாமனான மவுண்ட்பேட்டன் பிரபு 1979இல் குடியரசுப் படையின் குண்டுக்குப் பலியானவர். இரண்டாம் உலகப் போரின்போது பேராதனையிலிருந்து தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளை வழிநடத்தியவர் என்பதால் இலங்கையருக்கும் அவர் அறிமுகமானவர்.

எல்லோரும் கைகுலுக்கத் தயாராக இருக்கவில்லை. 2011இல் அயர்லாந்து ஜனாதிபதித் தேர்தலில் போட்டியிட்டு 13.7 வீத வாக்குகளுடன் மூன்றாமிடம் பெற்ற அவரை, பிரசாரத்தின்போது அத்லோன் நகரில் ஒருவர் வழிமறித்தார். 1983இல் கடத்தப்பட்டவர் ஒருவரை மீட்கும் நடவடிக்கையில் குடியரசுப் படையினரால் கொல்லப்பட்ட ஐரிஷ் இராணுவ வீரரின் மகன் அவர். தந்தையின் படத்தை ஏந்தி, கொன்றவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றார். தமக்குத் தெரியாது என்று மக்கின்னஸ் பதிலளித்தார். சமாதானத்துக்காக அவர் எவ்வளவோ துணிந்து செய்திருக்கலாம். உண்மையைச் சொல்லும் விடயத்தில் அந்தத் துணிவு காணப்படவில்லை என்பதே பாதிக்கப்பட்டோர் பலரின் மனக்குறை. அதில் நியாயமில்லை என்று எவரும் கூற முடியாது.

2016இன் இறுதியில் புதுப்பிக்கத்தக்க வெப்பசக்தித் திட்டம் பெரும் முறைகேடாக வெடித்தது. எரிபொருளை எரிக்க எரிக்க மானியம் கூடுமாறு அத்திட்டம் வகுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பொறுப்பான அமைச்சராக இருந்து பின்னர் முதலமைச்சரான ஆர்லின் பொஸ்டர் விசாரணை முடியும்வரை ஒதுங்கி நிற்க மறுத்தார். 2017 ஜனவரி 9ஆம் திகதி, நோயினால் மெலிந்து தளர்ந்த நிலையில் மக்கின்னஸ் பதவி விலகினார். மேற்சொன்ன ஏற்பாட்டின்படி பொஸ்டரும் பதவியிழந்தார். மூன்று ஆண்டுகள் அங்கு அரசாங்கமே அமையவில்லை.

மார்ச் 21ஆம் திகதி, அறுபத்தாறாவது வயதில் அவர் டெரியில் காலமானார். 1984 பிறைட்டன் குண்டுவெடிப்பில் காயமடைந்தவரும், அதில் தமது மனைவி நிரந்தரமாக முடமானதைக் கண்டவருமான முன்னாள் அமைச்சர் நோர்மன் டெபிட், அவரை ஒரு கோழை என்றார். 1993இல் வொரிங்டன் குண்டுவெடிப்பில் பன்னிரண்டு வயது மகனைப் பறிகொடுத்த கொலின் பெரி, அவரை மன்னிக்க முடியாது, ஆனால் சமாதானத்தில் அவர் கொண்ட நாட்டம் உண்மையானது என்றார். இறுதிச் சடங்கில் பில் கிளின்டன் உரையாற்றினார். பொஸ்டரின் தந்தை பொலிஸ் உத்தியோகத்தராக இருந்தபோது குடியரசுப் படையினரால் சுடப்பட்டு உயிர் தப்பியவர். அத்தகைய பொஸ்டர் தேவாலயத்தினுள் நுழைந்ததும், அங்கு கூடியிருந்த கத்தோலிக்க மக்கள் கரகோஷம் செய்து அவரை வரவேற்றனர்.