தெருவுக்கு ஒரு கார், சாலைக்கு ஒரு காரா?

புதுக் கார் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை

நாகூரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம்.

வாப்பா கடை வைத்திருக்கிறார். மூத்த மகன் சிங்கப்பூரில் இருக்கிறார். இளைய மகன் தினமும் காரைக்காலுக்கு வேலைக்குப் போய் வருகிறார். உம்மாவுக்கு முழங்கால் வலி. பல வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இருக்கிறது. அதில் ஒரு கார் வாங்க வேண்டும்.

எந்தக் கார்? இங்கேதான் பேச்சு தொடங்குகிறது.

"வாப்பா, எக்ஸ்டர் வாங்குவோம். தெருவில் ஓட்ட லேசா இருக்கு" என்கிறார் இளைய மகன்.

"உங்க நானா வர்றப்போ திருச்சிக்குப் போகணுமே! பஞ்ச்தான் கெட்டியான வண்டின்னு சொல்றாங்க" என்கிறார் வாப்பா.

"எது வாங்கினாலும் சரி. நான் குனியாம ஏறணும். எல்லாரும் பத்திரமா வீடு வந்து சேரணும்" என்கிறார் உம்மா.

மூன்று பேர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் வாங்கப்போவது ஒரே கார்! என்ன செய்வது?

அந்தக் காலமும் இந்தக் காலமும்

நம் தாத்தா காலத்தில் இந்தக் கவலை இல்லை. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்கள்தான் காதில் விழும். ஸ்டாண்டர்டு கார் சென்னைக்கு அருகே வண்டலூரில் தயாரானது. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. கிடைத்த வண்டியே நல்ல வண்டி!

1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 வந்தது. நிலைமை மாறியது. இன்று கடைக்குப் போனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தலை சுற்றுகிறது.

அவற்றில் இப்போது குடும்பங்கள் அதிகம் விரும்புவது "கிராஸ்ஓவர்" என்ற வகை.

அது என்ன கிராஸ்ஓவர்?

பார்த்தால் ஜீப் மாதிரி உயரமாக இருக்கும். ஆனால் உள்ளே அது சாதாரணக் கார்தான். உயரமாக இருப்பதால் குனியாமல் ஏறி உட்காரலாம். முதியவர்களுக்குச் சௌகரியம். வேகத்தடையில் வயிறு தட்டாது. மழை நாளில் குண்டும் குழியுமான ரோட்டில் பயம் குறைவு.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சிறிய வண்டிகளில் என்ஜின் இழுப்பது முன் சக்கரங்களை மட்டும்தான். ஜீப் என்று நினைத்துக்கொண்டு சில்லடி கடற்கரை மணலில் இறக்கினால், தள்ளுவதற்கு ஆள் தேட வேண்டியதுதான்!

இரண்டு போட்டியாளர்கள்

டாட்டா பஞ்ச் 2021ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. 2024ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே அதிகம் விற்ற கார் இதுதான்.

ஹூண்டாய் எக்ஸ்டர் 2023ஆம் ஆண்டு ஜூலையில் வந்தது. நம் தமிழ்நாட்டில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது.

வெளிவந்தபோது இருந்த அளவுகள் இதோ:

பஞ்ச்: நீளம் 3,827 மில்லிமீட்டர். அகலம் 1,742. தரையில் இருந்து வயிறு வரை 187. பின்பெட்டியின் கொள்ளளவு 366 லிட்டர்.

எக்ஸ்டர்: நீளம் 3,815 மில்லிமீட்டர். அகலம் 1,710. தரையில் இருந்து வயிறு வரை 185. பின்பெட்டி 391 லிட்டர்.

இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கின்றனவே! காரணம் உண்டு. 4 மீட்டருக்குள் நீளமும், 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் என்ஜினும் இருந்தால் அரசாங்கம் அதைச் சிறிய கார் என்று கணக்கிடுகிறது. வரி குறைவு. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி முதல் சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதம். அதனால்தான் கம்பெனிகள் இந்த அளவுக்குள்ளேயே வண்டியை அடக்குகின்றன.

பெட்ரோல் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. லிட்டருக்கு 19 முதல் 20 கிலோமீட்டர் என்பது கம்பெனிகள் சொல்லும் கணக்கு. தெருவில் அவ்வளவு கிடைக்காது. அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் இரண்டரை லிட்டர்தான். அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? வண்டி ஓடப்போகும் வழியைப் பார்த்து!

தெருவில் என்ன வேண்டும்?

நாகூர்த் தெருக்களை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தர்காவின் அலங்கார வாசல் பக்கம் வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள். ஆட்டோ, தள்ளுவண்டி, யாத்ரீகர்கள், பிள்ளைகள்! கந்தூரி சமயத்தில் நடந்து போவதே பெரிய காரியம்.

இங்கே வேகம் தேவை இல்லை. கிளச்சை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்துபோகும். ஆகவே தெருவில் முதலில் தேவைப்படுவது தானாக மாறும் கியர்.

இரண்டு வண்டிகளிலும் "ஏ.எம்.டி." என்ற வகை உண்டு. சாதாரணக் கியர்தான், ஆனால் கிளச்சை மிதிக்கும் வேலையை ஒரு சிறிய இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. கிளச்சுக்கென்று கால் மிதி கிடையாது. விலை கூடுதல். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவருக்கு அந்தப் பணம் வீண் இல்லை.

என்ஜினில் ஒரு வித்தியாசம் உண்டு. எக்ஸ்டரில் நான்கு சிலிண்டர், பஞ்சில் மூன்று. மூன்று சிலிண்டர் என்ஜின் நின்றுகொண்டு ஓடும்போது சற்று அதிரும். எக்ஸ்டர் அமைதியாக இருக்கும். அகலத்திலும் எக்ஸ்டர் 3 சென்டிமீட்டர் குறைவு. குறுகிய தெருவில் அதுவும் உதவும்.

பஞ்சுக்கும் ஒரு சிறப்பு உண்டு. அதன் கதவுகள் 90 டிகிரி, அதாவது சுவருக்குக் குறுக்கே வைத்த பலகைபோல் நேராகத் திறக்கும். முழங்கால் வலிக்காரர்கள் காலை மடக்காமல் இறங்கலாம். ஆனால் தெருவில் அவ்வளவு இடம் இருக்க வேண்டுமே!

தெரு ஓட்டத்துக்கு எக்ஸ்டர் ஒரு படி மேல் என்று சொல்லலாம்.

சாலையில் என்ன வேண்டும்?

இப்போது திருச்சிக்குப் போவோம். மூத்த மகனை விமான நிலையத்தில் இருந்து அழைத்து வர வேண்டும். நாகூரில் இருந்து சுமார் 140 கிலோமீட்டர்.

இந்த வழியில் இரண்டு வகைச் சாலைகள் இருக்கின்றன. தஞ்சாவூரில் இருந்து திருச்சி வரை நான்கு வழிச் சாலை. நடுவே தடுப்பு இருக்கிறது. எதிரே வண்டி வராது. இங்கே சிறிய கார் நிம்மதியாகப் போகும்.

நாகப்பட்டினத்தில் இருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் வழிதான் சோதனை! போகிறவரும் வருகிறவரும் ஒரே சாலையில். முன்னால் நெல் மூட்டை ஏற்றிய லாரி. எதிரே பஸ். அறுவடைக் காலமானால் ரோட்டோரத்தில் நெல் காயும். டிராக்டர் திடீரென்று வயலில் இருந்து ஏறும்.

ஒரு கணக்குப் போடுவோம். முன்னால் பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 80இல் முந்துகிறீர்கள். பஸ்ஸின் பின்னால் இருந்து கிளம்பி, அதைத் தாண்டி, மீண்டும் இடது பக்கம் வருவதற்கு 9 வினாடி ஆகும். அந்த 9 வினாடியில் உங்கள் கார் 200 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒரு வண்டி அதே வேகத்தில் வந்தால் அதுவும் 200 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்துவதற்கு முன் 400 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும்!

அதுவும் நீங்கள் ஏற்கெனவே 80இல் இருந்தால்தான். பஸ்ஸின் பின்னால் 60இல் ஊர்ந்துவிட்டு வேகம் எடுத்தால் இன்னும் நீளம் வேண்டும்.

5 பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் 400 கிலோ வந்துவிடும். வண்டியின் எடையே ஏறக்குறைய ஒரு டன்தான். இந்தப் பாரத்தோடு 1,200 சி.சி. என்ஜின் சட்டென்று பாயாது. பஞ்சும் பாயாது, எக்ஸ்டரும் பாயாது. ஏ.எம்.டி. கியர் மாறும்போது ஒரு நொடி தயங்கும். முந்தும்போது கியரைக் கையால் மாற்றும் நிலையில் வைத்துக்கொள்வது நல்லது. சி.என்.ஜி. வாயுவில் ஓடினால் செலவு குறையும், இழுவையும் குறையும். பெட்டி வைக்கும் இடமும் குறையும்.

வாரம் தவறாமல் நெடுஞ்சாலையில் பாரத்தோடு போகிறவர்கள் டர்போ என்ஜின் உள்ள வண்டிகளையும் பார்ப்பது நல்லது. டர்போ என்பது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. அதே சிறிய என்ஜின் கூடுதல் பலம் தரும்.

மோதினால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஷோரூமில் கேட்பவர்கள் மிகக் குறைவு.

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் பலம் நான்கு மடங்கு! தெருவில் 20இல் உரசினால் வர்ணம்தான் போகும். சாலையில் 80இல் மோதினால் அது உயிர் விஷயம்.

"குளோபல் என்கேப்" என்ற அமைப்பு கார்களைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கிறது. வேகம் 64 கிலோமீட்டர். 2021ஆம் ஆண்டுச் சோதனையில் பஞ்ச் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரமும், குழந்தைகள் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரமும் பெற்றது. வாப்பா "கெட்டியான வண்டி" என்று சொன்னது சும்மா இல்லை.

எக்ஸ்டர் வெளிவந்தபோது அதற்கு நட்சத்திரச் சான்று கிடையாது. ஆனால் விலை குறைந்த வகை உள்பட எல்லா வகையிலும் 6 ஏர் பேக், அதாவது மோதினால் ஊதிக்கொள்ளும் காற்றுப் பைகள், முதல் நாளில் இருந்தே கொடுத்தார்கள்.

2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் "பாரத் என்கேப்" என்ற இந்தியச் சோதனையும் நடக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் வகைக்கு நட்சத்திரம் எத்தனை என்று ஷோரூமில் கேளுங்கள். சான்றைக் காட்டச் சொல்லுங்கள். "ஈ.எஸ்.சி." உண்டா என்றும் கேளுங்கள். ஈரச் சாலையில், நெல்மணி சிந்திய ரோட்டில், வண்டி வழுக்கும்போது தானாகச் சக்கரத்தைப் பிடித்து நேராக்கும் கருவி அது. பளபளப்பான சக்கரத்தைவிட அதற்குப் பணம் கொடுப்பது மேல்.

பெல்ட் போடாதவருக்கு எந்த வண்டியும் நல்ல வண்டி இல்லை! 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் தேதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பை அருகே கார் விபத்தில் இறந்தார். பின் இருக்கையில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் கூறினார்கள். பின் இருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்பது சட்டம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்காருவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஒன்பது நாளும் பத்தாம் நாளும்

இனி முடிவுக்கு வருவோம்.

பத்து நாளில் ஒன்பது நாள் உங்கள் வண்டி எங்கே ஓடும்? அதை ஒரு தாளில் எழுதுங்கள். கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பக்கத்து ஊர் என்றால் தெருவுக்கு ஏற்ற வண்டியை எடுங்கள். தானாக மாறும் கியர் எடுங்கள். ஒன்பது நாளும் வெளியூர்ச் சாலை என்றால் சோதனையில் தேறிய கெட்டியான வண்டிக்கு முதல் இடம் கொடுங்கள்.

ஆனால் விபத்து ஒன்பது நாளைப் பார்த்து வராது. பத்தாம் நாளிலும் வரும். ஆகவே சௌகரியத்தை ஒன்பது நாள் முடிவு செய்யட்டும். பாதுகாப்பைப் பத்தாம் நாள் முடிவு செய்யட்டும்.

பணம் கட்டுவதற்கு முன் குடும்பத்தோடு போய் ஓட்டிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் ஒரு சுற்று போதாது. உங்கள் தெருவுக்கே கொண்டு வரச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் திருப்பிப் பாருங்கள். வயதானவர்களை ஏற்றி இறக்கிப் பாருங்கள். 5 பேரை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஏறிப் பாருங்கள். கடற்கரை ஊர் என்றால் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ உங்கள் ஊரில் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாகூர்க் குடும்பம் என்ன செய்யும்?

தினமும் காரைக்கால், திருச்சிப் பிரயாணம் ஆண்டுக்கு இரண்டு தடவை. கணக்கு எக்ஸ்டர் பக்கம் சாய்கிறது. தானாக மாறும் கியர், ஈ.எஸ்.சி. இரண்டும் உள்ள வகையை எடுக்கலாம். வாரந்தோறும் கடைச் சரக்கு எடுக்கத் தஞ்சாவூர் போகிற குடும்பமாக இருந்தால் வாப்பா சொன்ன பஞ்ச்தான் சரி.

திருச்சிக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் போதும். முந்த வேண்டிய அவசியமே வராது. பெல்ட்டை மாட்டிக்கொண்டு, லாரிக்குப் பின்னால் பொறுமையாக வரலாம்.

சிங்கப்பூரில் இருந்து வரும் மகனுக்காக உம்மா காத்திருக்கிறார். பத்து நிமிடம் தாமதமானால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும்.