மிகையுண்ணல் கோளாறு: நோய் வரையறையும் சேலம் – நாமக்கல் வட்டார உணவுச் சூழலும்

திறவுச்சொற்கள்: மிகையுண்ணல் கோளாறு, கட்டுப்பாடு இழப்பு, நோய் வகைப்பாடு, யானைத்தீ

மிகுதியாக உண்பவர் அனைவரும் நோயாளர் அல்லர். எந்த எல்லையில் மிகையுண்ணல் நோயாகிறது என்பது உளமருத்துவ வகைப்பாட்டில் நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டுவரும் வினாவாகும். 1959இல் ஆல்பர்ட் ஸ்டன்கார்டு உடற்பருமன் உடையோர் சிலரிடம் இந்நடத்தையை விவரித்தார். மிகையாக உண்டபின் வாந்தியெடுத்தோ பேதிமருந்து உட்கொண்டோ எடையைத் தடுக்க முயலும் நிலைக்கு 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் ‘புலிமியா நெர்வோசா’ எனப் பெயரிட்டார். அத்தகைய ஈடுசெய் செயல்கள் இல்லாத மிகையுண்ணல், அமெரிக்க உளமருத்துவக் கழகக் கையேட்டின் நான்காம் பதிப்பில் (1994) பின்னிணைப்பில் மட்டுமே இடம்பெற்றது. ஐந்தாம் பதிப்பில்தான் (2013) தனிநோயாக ஏற்கப்பட்டது.

அக்கையேட்டின்படி, ஏறத்தாழ இரண்டு மணிநேரம் போன்ற ஒரு குறித்த காலத்திற்குள், ஒத்த சூழலில் பெரும்பாலோர் உண்ணும் அளவினும் தெளிவாக மிகுதியாக உண்ணுதல் வேண்டும். உண்பதை நிறுத்த இயலாத உணர்வும் உடனிருத்தல் வேண்டும். இது வாரம் ஒருமுறையேனும் மூன்று மாதங்கள் தொடர்வதோடு, மிகுந்த மனவேதனையையும் தருவதாக இருக்கும். விரைந்துண்ணல், அசௌகரியமாக வயிறு நிரம்பும்வரை உண்ணல், பசியின்றி உண்ணல், நாணித் தனித்துண்ணல், உண்டபின் தன்வெறுப்பு ஆகிய ஐந்தனுள் மூன்றேனும் காணப்படல் வேண்டும்.

‘ஒத்த சூழல்’ என்னும் தொடரே இவ்வட்டாரத்தில் கூர்ந்து நோக்கத்தக்கது. குலதெய்வக் கோயில் கெடா விருந்தில் ஒருவர் உண்ணும் கறியின் அளவு வேறெங்கும் மிகையாகத் தோன்றலாம்; அங்கு அது இயல்பு. நாமக்கல் லாரி ஓட்டுநர் பகல் முழுதும் உண்ணாது வந்து இரவில் உண்ணும் ஒரே வேளை உணவும், குமாரபாளையம் விசைத்தறிக் கூடத்தில் இரவுப்பணி முடித்தவர் விடியலில் உண்பதும் பசியின் விளைவுகளே. மாறாக, விடுதி மாணவி ஒருத்தி பசியின்றியே, பிறர் உறங்கியபின், பெட்டியில் உள்ள பலகாரத்தை நிறுத்த மாட்டாமல் உண்டு தீர்த்து அழுவாளாயின், அளவு சிறிதாயினும் அது வினவப்பட வேண்டியதே. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராம் நோய் வகைப்பாடு இவ்வகையில் நெகிழ்வுடையது. உண்ட அளவு பெரிதாக இருந்தே ஆகவேண்டும் என அது வற்புறுத்துவதில்லை.

மணிமேகலைக் காப்பியத்தின் காயசண்டிகை உற்ற யானைத்தீ நோயை இதன் முன்னோடியாகக் கொள்ளத் தோன்றும். அது பொருந்தாது. அவளை வருத்தியது தணியாப் பசி; இந்நோயிலோ பசி இல்லாதபோதும் உண்ணல் நிகழ்கிறது. தணியாப் பசியுடன் வருவோரிடம் கட்டுப்படாத நீரிழிவு, மிகைத் தைராய்டு, இன்சுலின் ஊசியால் நேரும் சர்க்கரைத் தாழ்வு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் மருத்துவ முறை.

தமிழில் வினவும் முறையும் கண்டறிதலைப் பாதிக்கக்கூடியது. ‘பெருந்தீனி’ என்னும் சொல்லில் பழிப்பு ஏறியுள்ளது. “நிறையச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் நோயுற்றவர் மறுப்பார், நன்றாக உண்பவரோ மகிழ்ந்து ஒப்புவார். “போதும் என்று தோன்றிய பின்னும் கையை நிறுத்த முடியாமல் போனதுண்டா? அதை யாருக்கும் தெரியாமல் செய்ததுண்டா?” என்னும் வினாக்கள் வரையறையின் மையத்திற்கு நெருக்கமானவை.