கல்லுக்குக் கூடம், மனிதனுக்கு முகாம்!

மன்னர்கள் மண்டபம் கட்டுவார்கள். மகுடத்தை வைப்பார்கள், வாளை வைப்பார்கள், "இதுதான் வரலாறு" என்பார்கள். வாளை வடித்த கொல்லன் எங்கே, மண்டபத்துக்கு மண் சுமந்த மாதரசி எங்கே என்று கேட்டால், அந்தக் கூடத்திலே பதில் கிடைக்காது.

இந்த வழக்கத்தை மாற்றி நிற்கிறது ஒரு வீடு, இமயத்தின் மடியிலே! பூட்டான் நாட்டின் தலைநகர் திம்புவிலே 2001இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புற மரபுக் காட்சியகம் அது. பாரோ நகரின் 17ஆம் நூற்றாண்டுக் காவற்கோபுரத்தை 1968இல் தேசியக் காட்சியகமாக்கிய நாடு, இம்முறை கோபுரத்தைத் தேடவில்லை, கோட்டையைத் தேடவில்லை. 19ஆம் நூற்றாண்டு நாட்டுப்புற வீடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. அரசியார் ஆஷி டோர்ஜி வாங்மோ வாங்சுக்கின் ஆதரவிலே எழுந்தது அது. அரண்மனை, அடுப்பங்கரையை மதித்தது! பாராட்டுவோம், தாராளமாகவே பாராட்டுவோம்.

இடித்து இறுக்கிய மண்ணும் மரமும் கொண்டு எழுப்பிய மூன்றடுக்கு வீடு. கீழே மாட்டுத் தொழுவம். நடுவே தானியக் களஞ்சியம். மேலே அடுப்படியும் வழிபாட்டு அறையும். மூங்கிற்கூடை, மரக்கிண்ணம், உழவுக் கருவி, சாராயம் வடிக்கும் கலம், எல்லாம் உண்டு. வெளியே நீராலை, 150 ஆண்டுக்கு மேற்பட்ட அரைகல். பக்கத்திலே, சுட்ட கல்லை நீரிலே போட்டு வெந்நீராக்கிக் குளிக்கும் தொட்டி. உழைத்த உடலுக்கு ஒத்தடம்!

கண்ணுக்கு விருந்துதான். ஆனால் கருத்துக்கு?

மூன்றடுக்கு வீடு கட்டி, களஞ்சியம் நிரப்பியவன் வசதி உள்ளவனாகத்தானே இருந்திருப்பான்! அப்படிப்பட்ட வீடுகளிலே ஏரைப் பிடித்த கை யாருடையது? மூட்டை சுமந்த முதுகு யாருடையது? பூட்டானிலே பண்ணையடிமை முறை இருந்தது. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக், 1950களிலேதான் அதை ஒழித்தார். ஒழித்தவரை வாழ்த்துவோம், ஒழியும்வரை உழன்றவரை மறக்கலாமா? மரபு என்றால் கூடை மட்டுமல்ல, அதைத் தூக்கிய தோளும் சேர்ந்ததுதான் மரபு.

இதனினும் பெரிய கேள்வி ஒன்று, தெற்கேயிருந்து வருகிறது. அந்த வீடு எழுந்த அதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, பூட்டானின் தென்பகுதிக்கு நேபாளி பேசும் மக்கள் குடியேறத் தொடங்கினர். காடு திருத்தினர், ஆரஞ்சும் ஏலமும் விளைவித்தனர். லோட்சாம்பா, அதாவது தென்னெல்லையார், என்பது அவர்கட்கு இடப்பட்ட பெயர்.

அவர்கள் கண்டதென்ன? 1985இலே குடியுரிமைச் சட்டம். 1988 கணக்கெடுப்பிலே, "1958ஆம் ஆண்டு வரி கட்டிய ரசீது எங்கே?" என்ற கேள்வி. 1989இலே, பொது இடங்களிலே ஆணுக்குக் கோ, பெண்ணுக்குக் கிரா என்று உடைக்கு ஆணை. பள்ளியிலே நேபாளி மொழிக்குக் கதவடைப்பு. எதிர்த்தோர் சிறையிலே, அஞ்சியோர் எல்லையிலே. 1990களிலே நேபாள முகாம்களிலே குவிந்தவர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டிற்று!

தாய்மொழிக்காக 1965இல் தீக்குளித்த இளைஞரைக் கண்ட தமிழ்நாட்டிற்கு, பள்ளியிலே ஒரு மொழிக்குக் கதவடைத்தால் நெஞ்சு எப்படி வேகும் என்று எவரும் விளக்கத் தேவையில்லை.

"சிறு நாடு ஐயா! இரு பெரும் நாடுகளுக்கிடையே சிக்கியது. பக்கத்துச் சிக்கிம் 1975இல் இந்தியாவோடு இணைந்ததைக் கண்டது. தன் பண்பாட்டைக் காக்க வேண்டாமா?" என்பர் சிலர். காக்கட்டும்! சிறு நாட்டின் அச்சம் நமக்குப் புரியாததல்ல. சிறுபான்மையின் வேதனையை நாம் அறிவோம், ஆகவேதான் கேட்கிறோம். பெரியவனிடம் தன் பண்பாட்டுக்கு இடம் கேட்கும் சிறியவன், தன்னினும் சிறியவனின் பண்பாட்டுக்கு இடம் மறுப்பது எந்த நீதி?

அரைகல்லிடம் எவரும் ரசீது கேட்கவில்லை. பழையது என்றதும் கூடத்திலே இடம் கொடுத்தார்கள். அதே காலத்து உழவனின் பேரனிடமோ ரசீது கேட்டார்கள். கல்லுக்குக் கூடம், மனிதனுக்கு முகாம்!

2007இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, அகதிகளில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளிலே குடியேறினர். மீந்த சில ஆயிரவர் நேபாளத்திலே முகாம் வாழ்விலே. பூட்டானோ 2008இல் அரசியலமைப்புக் கண்டது, தேர்தலும் கண்டது. வாக்குப் பெட்டி வந்த நாட்டிலே, வழியனுப்பப்பட்ட மக்களைப் பற்றிய பேச்சும் வரவேண்டும். திரும்பி வர விரும்புவோர்க்குக் கதவு திறக்க வேண்டும்.

திம்பு செல்வோர் அந்த வீட்டைக் கட்டாயம் பாருங்கள். அதன் அழகை வியந்திடுங்கள். வியந்தபின் ஒன்றை நினையுங்கள்: பழம்பொருளைப் பாதுகாக்கப் பணமிருந்தால் போதும். மக்களைப் பாதுகாக்க மனம் வேண்டும்!