பி.சி கேம் மொபைலுக்கு வருதா? ‘பீட்டா டெஸ்ட்’ அப்டேட்டில் எழுதப்படாத விஷயங்கள்!

‘ப்ரீ-ரெஜிஸ்டர் பண்ணி ஒன்றரை வருஷம் ஆச்சு, கேம் எங்க ப்ரோ?’

பி.சி-யில் ஹிட்டான ஒரு கேம் மொபைலுக்கு வருகிறது என்று அறிவித்த மறுநாளே ஆரம்பிக்கும் கேள்வி இது. யூடியூப் கமென்ட், டிஸ்கார்டு, வாட்ஸ்அப் குரூப் என எங்கே பார்த்தாலும் இதேதான். நடுநடுவே கம்பெனியும் அப்டேட் விடும். ‘க்ளோஸ்டு பீட்டா முடிந்தது’, ‘இன்னும் சில நாடுகளில் லிமிடெட் ரிலீஸ்’, ‘புது பில்டு ரெடி’. படிக்கும்போது நம்ம ஸ்டேஷனுக்கு டிரெயின் கிளம்பிவிட்ட மாதிரியே இருக்கும். ஆனால், இந்த அப்டேட்டுகளில் ஒரு விஷயத்தை மட்டும் எழுத மாட்டார்கள். டெஸ்ட்டில் ஓட்டிப் பார்ப்பது கேமை. எடைபோடுவது, இதில் காசு தேறுமா என்பதை.

‘கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன் மொபைல்’ கதையைப் பார்த்தால் இது புரியும். 2022 செப்டம்பரில் ஆக்டிவிஷன் இதை முறைப்படி அறிமுகப்படுத்தியது. பி.சி, கன்சோலில் ஓடும் வார்ஸோனை அப்படியே கைக்குள் தருகிறோம், வெர்டான்ஸ்க் மேப்பில் 120 பேர் வரை ஒன்றாக ஆடலாம் என்றார்கள். ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் 5 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியாவில் மட்டும் லிமிடெட் ரிலீஸ். அதன் பிறகு சிலி, ஸ்வீடன், நார்வே. 2023-லேயே எல்லோருக்கும் வந்துவிடும் என்று காத்திருந்தவர்களுக்கு 2024 மார்ச் 21-ம் தேதிதான் கதவு திறந்தது. ஒன்றரை வருட டெஸ்ட். இவ்வளவு ஓட்டிப் பார்த்தும், ரிலீஸானதும் குவிந்த புகார்கள் என்ன தெரியுமா? போன் சூடாகுது, பேட்டரி கரையுது, கிராபிக்ஸ் மங்கலா இருக்கு!

டெஸ்ட்டர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘போர்ட்’ என்பது ஒரு கேமை காப்பி எடுத்து இன்னொரு மெஷினில் பேஸ்ட் பண்ணுவது அல்ல. பி.சி-க்குள் ஃபேன் ஓடுகிறது, கன்சோலுக்குள்ளும் ஓடுகிறது. பெரும்பாலான போன்களில் அது கிடையாது. செகண்டுக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், ஒவ்வொரு ஃபிரேமையும் 17 மில்லிசெகண்டுக்குள் சிப் வரைந்து முடிக்க வேண்டும். முதல் 10 நிமிஷம் ஜோராக வரையும். சூடு ஏறியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள சிப்பே வேகத்தைக் குறைத்துவிடும். அப்போதுதான் எதிரி கண் முன்னால் நிற்கும்போது கேம் திக்கித் திக்கி நகரும். ஏ.சி ரூமில் சார்ஜர் இல்லாமல் ஆடும் டெஸ்ட்டருக்கு வராத பிரச்னை, மே மாத வெயிலில் பஸ்ஸில் உட்கார்ந்து ஆடுபவருக்கு வரும்.

போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு என்பது ஒரே மெஷின் அல்ல. ஒரு போனில் அட்ரினோ கிராபிக்ஸ் சிப், இன்னொன்றில் மாலி. ரேம் வேறு, ஸ்கிரீன் வேறு, டிரைவர் வேறு. ஒரே அப்டேட் ஒரு போனில் வெண்ணெய் மாதிரி ஓடும். பக்கத்துப் போனில் லோகோ வந்ததுமே வெளியே தள்ளும். கன்ட்ரோல் இன்னொரு தலைவலி. மவுஸில் கூரிய குறி வைத்துச் சுட உருவாக்கிய கேமை, இரண்டு கட்டை விரலால் ஆட வைக்க வேண்டும். அந்த விரல்களே ஸ்கிரீனில் கொஞ்சத்தை மறைத்துவிடும். பட்டன்களை எங்கே வைப்பது என்பதற்கே பல சுற்று டெஸ்ட் போகும்.

அதனால்தான் டெஸ்ட்டைப் படிப்படியாகத் திறக்கிறார்கள். க்ளோஸ்டு பீட்டாவில் அழைக்கப்பட்டவர்கள் மட்டும்தான் ஆட முடியும். முடிந்ததும் பெரும்பாலும் டேட்டாவை மொத்தமாக அழித்துவிடுவார்கள். ராத்திரி பகலா ஏத்தின லெவல் எல்லாம் போச்சு! ஓப்பன் பீட்டா, வருகிற யாருக்கும். கூகுள் ப்ளேயில் ‘எர்லி ஆக்ஸஸ்’ என்று பார்த்திருப்பீர்களே, அது. அந்தக் கட்டத்தில் நீங்கள் எழுதும் ரிவ்யூ டெவலப்பருக்கு மட்டும்தான் போகும், பொது ரேட்டிங்கில் சேராது. ஐபோனில் டெஸ்ட்ஃப்ளைட் வழியாக நடக்கும். ஒரு ஆப்புக்கு வெளியாட்கள் 10,000 பேர் வரைதான். ஒவ்வொரு பில்டும் 90 நாளில் காலாவதி. ‘ஸ்லாட் ஃபுல்’ என்று வருவதற்கு இதுதான் காரணம், உங்கள் நெட் அல்ல.

இதற்கு அடுத்த கட்டம்தான் சாஃப்ட் லாஞ்ச், அதாவது லிமிடெட் ரிலீஸ். இங்கேதான் ஆட்டம் மாறுகிறது. சில நாடுகளில் மட்டும் நிஜமாகவே ரிலீஸ் செய்து, நிஜக் காசும் வாங்குவார்கள். பக் கண்டுபிடிப்பதைவிட, இன்று இன்ஸ்டால் செய்தவர் ஒரு மாதம் கழித்தும் ஆடுகிறாரா, உள்ளே எவ்வளவு செலவழிக்கிறார் என்பதில்தான் கண் இருக்கும். எந்த நாட்டில் எதைச் சோதிக்கிறார்கள் என்பதைக் கவனித்தால் நிறையப் புரியும்.

நம்ம ஊர் சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. பி.சி, கன்சோலில் 2019-ல் வந்து கலக்கிய ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’, மொபைலுக்கான முதல் பீட்டாவை 2021-ல் இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும்தான் நடத்தியது. ஆண்ட்ராய்டில் மட்டும், சில ஆயிரம் பேருக்கு. விதவிதமான பட்ஜெட் போன், ஏறி இறங்கும் நெட் என்று டெஸ்ட்டுக்குத் தேவையான எல்லாமே இங்கே கிடைக்கும் அல்லவா! ஆனால், 2022 மார்ச்சில் 10 நாடுகளில் லிமிடெட் ரிலீஸ் செய்தபோது அந்தப் பட்டியலில் பிலிப்பைன்ஸ் இருந்தது, ஆஸ்திரேலியா இருந்தது, சிங்கப்பூர் இருந்தது. இந்தியா இல்லை. போனைச் சோதிக்க நாம் வேண்டும், பர்ஸைச் சோதிக்க வேறு ஆள் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ!

2022 மே 17-ல் எல்லோருக்கும் வந்தது. அந்த ஆண்டின் சிறந்த ஐபோன் கேம் என்று ஆப்பிள் விருது கொடுத்தது. 2023 ஜனவரி 31-ல், கடையை மூடுகிறோம் என்று இ.ஏ அறிவித்தது. மே 1-ல் சர்வர் ஆஃப். ஆரம்பம் நன்றாக இருந்தது, ஆனால் புது விஷயங்கள் வரும் தரமும் வேகமும் எங்கள் அளவுகோலுக்கு இல்லை என்பதுதான் கம்பெனி சொன்ன காரணம். முழுசாக ஒரு வயது கூட ஆகவில்லை. இந்த மொபைல் வெர்ஷனுக்கும் பி.சி வெர்ஷனுக்கும் அக்கவுன்ட் தொடர்பு கிடையாது என்பதால், வாங்கி வைத்த ஸ்கின்கள் சர்வரோடு போய்விட்டன.

வார்ஸோன் மொபைலும் தப்பவில்லை. 2025 மே 18-ல் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டது. பி.சி, கன்சோல் ஆட்களிடம் கிடைத்த வரவேற்பு மொபைல் ஆட்களிடம் கிடைக்கவில்லை என்று ஆக்டிவிஷனே ஒப்புக்கொண்டது. செலவழிக்காத சி.ஓ.டி பாயின்ட்டுகளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. ஒரே ஆறுதல், இதில் வாங்கிய பொருள்கள் பி.சி, கன்சோல் வார்ஸோனுடன் இணைந்திருந்தன. ஆனால் மொபைலில் மட்டுமே ஆடும் பையனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

எல்லா போர்ட்டும் இப்படி முடிவதில்லை. ‘ஸ்டார்ட்யூ வேலி’யின் 1.6 அப்டேட், பி.சி-யில் 2024 மார்ச் 19-ல் வந்தது; மொபைலுக்கும் கன்சோலுக்கும் நவம்பர் 4-ல். கிட்டத்தட்ட ஏழரை மாதம். கேமை உருவாக்கிய எரிக் பரோன், வேலை எதுவரை வந்திருக்கிறது என்பதை அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர, தேதியைக் கடைசி சில வாரங்களில்தான் அறிவித்தார். இது ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் கேம். சர்வர் அணைந்துவிடுமோ என்ற பயமே இல்லை. ஆகவே, அடுத்த முறை ஒரு போர்ட் அறிவிப்பைப் பார்த்தால், ரிலீஸ் தேதிக்கு முன்னால் இதைப் பாருங்கள்: கம்பெனியின் சர்வர் இல்லாமல் இந்த கேம் ஓடுமா? ஓடாது என்றால், பீட்டாவில் இருக்கும்போது உள்ளே காசு போடாமல் இருப்பது நல்லது. முதலில் அக்கவுன்ட் பி.சி-யோடு இணைகிறதா, டெஸ்ட் முடிந்ததும் டேட்டாவை அழிப்பார்களா, கட்டிய காசு ரிலீஸில் திரும்பக் கிடைக்குமா என்று அறிவிப்பிலேயே தேடுங்கள். எழுதவில்லையா? கிடைக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

காத்திருப்பில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ‘வலோரன்ட்’ பி.சி-யில் வந்தது 2020 ஜூனில். மொபைல் வெர்ஷன் வரும் என்று ரையட் சொன்னது 2021-ல். முதலில் ரிலீஸானது 2025 ஆகஸ்ட் 19-ல், அதுவும் சீனாவில். இப்படி வருடக்கணக்கில் இழுக்கும் கேம் எதுவாக இருந்தாலும், ‘பீட்டா லீக் ஆயிடுச்சு, லிங்க் டிஸ்கிரிப்ஷன்ல’ என்று ஒருவர் வருவார். நிஜமான க்ளோஸ்டு பீட்டா பெரும்பாலும் உங்கள் அக்கவுன்ட்டை சர்வரில் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடும், வெறும் ஏ.பி.கே ஃபைல் கையில் இருந்து பயனில்லை. அந்த ஃபைல் இன்ஸ்டால் ஆகும்போது எஸ்.எம்.எஸ் படிக்க, ‘ஆக்ஸஸிபிலிட்டி’யை ஆன் செய்ய அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். துப்பாக்கி சுடும் கேமுக்கு உங்கள் பேங்க் ஓ.டி.பி எதற்கு?