ஒரு சிறகு நீண்ட வண்ணத்துப்பூச்சி

வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பலர் கல்லாவில் இருந்தபடியே நிப்டி ஆப்ஷன் வாங்கி விற்கிறார்கள். 'இறங்கினாலும் லாபம்' என்று அவர்கள் சொல்லும் சமனற்ற பட்டர்பிளை முறையை நாமும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆப்ஷன் என்பது அச்சாரம் போன்றது. 'கால் ஆப்ஷன்' வாங்குபவர் பிரீமியம் கட்டி, குறித்த விலைக்கு மேல் ஏறும் வித்தியாசத்தைப் பெறும் உரிமை அடைகிறார். ஏறாவிட்டால் பிரீமியம் மட்டும் போகும். விற்றவரோ ஏற்றம் முழுவதையும் சுமக்க வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு: 25,000 கால் ஒன்றை ரூ.200க்கும், 25,300 கால் ஒன்றை ரூ.75க்கும் வாங்குகிறோம். நடுவில் 25,100 கால் இரண்டை ரூ.150 வீதம் விற்கிறோம். வரவு 300, செலவு 275, மிச்சம் 25. ஒரு சிறகு 100 புள்ளி, மறு சிறகு 200 புள்ளி. அதனால்தான் சமனற்றது என்கிறார்கள்.

தவணை நாளில் நிப்டி 25,000க்குக் கீழே முடிந்தால் அந்த ரூ.25 நமக்கு. சரியாக 25,100 என்றால் ரூ.125. 25,225ஐத் தாண்டினால் நஷ்டம். 25,300க்கு மேல் எவ்வளவு ஏறினாலும் நஷ்டம் ரூ.75. இவற்றை லாட் அளவால் பெருக்க வேண்டும். தரகும் வரியும் தனி.

ஆக, அபாயம் ஒழியவில்லை. ஏறும் பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது. நல்ல விலை வருகிறதென்று 25,300 ஆப்ஷனை இடையில் விற்றுவிட்டால் நஷ்டத்துக்கு எல்லையே இல்லை.

2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில், பங்குச்சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024இல் அறிவித்தது. சரக்குக்குக் கட்ட வேண்டிய பணத்தை இதில் இறக்க வேண்டாம் என்று நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்வோம்.